துருவேறிய சக்கரங்களைச் சீர்செய்யும் முறை

தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றுக்கு மோட்டார் சைக்கிளே கைகொடுக்கும் வாகனமாகும். விடியுமுன் வெட்டுக்காட்டிற்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் அதுவே உதவுகிறது. இயந்திரத்திற்கு எண்ணெய் மாற்றுவதில் காட்டும் அக்கறையைச் சக்கரத்தின்மீது காட்டுவோர் சிலரே. இருட்டில், செம்மண் பாதையில், பால் வாளிகளின் பாரத்தோடு செல்லும்போது சக்கரம் பழுதுபட்டால் உயிருக்கே கேடு விளையலாம்.

கம்பிச் சக்கரத்தின் ரிம் பெரும்பாலும் எஃகினால் ஆனது. அதன்மேல் நிக்கல் பூச்சும், அதற்குமேல் மிக மெல்லிய குரோமியப் பூச்சும் உள்ளன. குரோமியப் பூச்சிலுள்ள நுண்ணிய வெடிப்புகளில் நீரும் சேறும் தங்கினால், நாளடைவில் அடியிலுள்ள எஃகு துருப்பிடிக்கும். பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் தெறித்தால் அரிப்பு விரைவுபடும். பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ பித்தளைக்குப் பகையாகும். கம்பிகளை ரிம்முடன் இறுக்கும் நிப்பிள்கள் பல வண்டிகளில் பித்தளையால் ஆனவை. அம்மோனியா படப்பட அவற்றில் வெடிப்பு உண்டாகலாம். ஆகவே, இவை சிந்திய அன்றே சக்கரத்தை நீரால் கழுவிவிட வேண்டும்.

இனி, துருவை நீக்கும் முறையைக் காண்போம்.

1. வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துக. இயந்திரத்தை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றுக.

2. காய்ந்த பாலை விரலால் உரித்தெடுக்கலாம். பெட்ரோலால் தேய்த்தல் கூடாது. அது டயரைக் கெடுக்கும், தீப்பற்றவும் கூடும்.

3. சவர்க்கார நீரால் சேற்றைக் கழுவுக. பழைய பிரேக் கட்டைகள் சிலவற்றில் கல்நார் கலந்திருந்ததால், அங்குள்ள தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

4. சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, துருவின்மீது மெல்லத் தேய்க்க. அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆதலால் பூச்சு எளிதில் கீறப்படாது.

5. நன்றாக உலர்த்தி, கார் மெழுகை மெல்லியதாகப் பூசுக. பிரேக்கிலும் டயரிலும் மெழுகோ எண்ணெயோ படவே கூடாது.

துரு நீங்கியபின் ரிம்மை ஊன்றிப் பார்க்க வேண்டும். கம்பித் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருந்தாலோ, உலோகம் ஏடு ஏடாகப் பெயர்ந்தாலோ அந்த ரிம்மை மாற்றிவிடுவதே தக்கது. கம்பிகளை ஒவ்வொன்றாகச் சிறு கருவியால் தட்டிப் பார்க்க. மற்றவை கணீரென்று ஒலிக்க, ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கக்கூடும். அதைத் தனியே முறுக்கினால் சக்கரம் கோணலாகும். பழகிய பட்டறைக்காரரிடம் காட்டுக. டயரைக் கழற்றும் வேளையில் உட்புறத்தையும் நோக்குக. அங்குள்ள துருவும் கம்பி முனைகளும் டியூபைத் துளைக்கும். காப்பு நாடா கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

அலுமினியக் கலவைச் சக்கரங்களுக்கு அமிலமோ, காரமிகு மருந்தோ, கம்பித் தூரிகையோ ஆகா. சவர்க்கார நீரே போதும். அவற்றில் வெடிப்பு கண்டால் ஒட்டவைத்து ஓட்டுதல் பேராபத்தாகும்.

வேலை முடிந்ததும், முதலில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்துக் கொள்க. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கினால், புது ரிம் வாங்கும் செலவும் மிஞ்சும். நாமும் நம் பின்னே அமரும் பிள்ளைகளும் நலமாய் வீடு திரும்பலாம்.