நம்ம நாட்டு ஷூ எது?

செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் நடத்தும் ஆலையில் நைக்கி ஷூ தயாராகிறது. தைப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் தடாவில் அப்பாச்சி என்ற ஆலை அடிடாஸுக்குத் தைத்துக் கொடுக்கிறது. இன்னொரு பக்கம், பெட்டியின் மேல் இந்தியக் கம்பெனியின் பெயர் பளிச்சென்று இருக்கும். உள்ளே இருக்கும் ஷூவின் வலைத்துணியும், அதன் சோலை வார்த்த அச்சும் சீனாவிலிருந்து வந்திருக்கலாம். பாட்டாவை நம்ம ஊர்க் கம்பெனி என்றே தலைமுறை தலைமுறையாக நம்பிவருகிறோம். அது 1894இல் செக் நாட்டின் ஸ்லின் நகரில் பிறந்தது. ஆனால் கொல்கத்தா அருகே தனக்கென ஒரு நகரையே எழுப்பி, இங்கேயே ஷூ செய்துவருகிறது.

ஆகவே உள்நாட்டு ஸ்போர்ட்ஸ் ஷூதான் வாங்குவேன் என்பவர், கடைக்குள் நுழையும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது. லாபம் இங்கே தங்க வேண்டுமா, கூலி இங்கே தங்க வேண்டுமா? இரண்டும் தங்கும் ஷூக்கள் உண்டு. கேம்பஸ், ரிலாக்ஸோவின் ஸ்பார்க்ஸ், ஏசியன், ஜலந்தரின் நிவியா ஆகியவற்றில் பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் எல்லா விளையாட்டுக்கும் அவற்றில் சரியான ஷூ கிடைத்துவிடாது. கூலி மட்டும் தங்கினால் போதும் என்றால் தேர்வு விரிகிறது. பூமா, அடிடாஸ், ஸ்கெச்சர்ஸ் போன்ற பெயர்களில் இங்கே விற்பவற்றில் கணிசமானவை இந்திய ஆலைகளில் ஒப்பந்தத்துக்குத் தைத்தவை. 2020இல் காலணி இறக்குமதிக்கான சுங்க வரி 25 சதவீதத்திலிருந்து 35 ஆக உயர்ந்ததும், பின்னால் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைகளும் வெளிநாட்டுக் கம்பெனிகளை அந்தப் பக்கம் தள்ளின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செய்யாறு ஆலை சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கிறது. அங்கே தைத்ததில் பெரும்பகுதி கப்பலேறிவிடும். ஒரு ஜோடியை அங்கிருந்து சென்னைக்கு அனுப்பி விற்க வேண்டுமானால், இறக்குமதிச் சரக்கைப் போலவே சுங்க வரி கட்ட வேண்டும். அருகிலுள்ள மாவட்டத்துப் பெண் தைத்த ஷூ, சட்டத்தின் கணக்கில் அயல்நாட்டுச் சரக்கு. அதனால் ‘நைக்கி நம்ம ஊரில்தானே செய்கிறார்கள்’ என்று வாங்கும் ஜோடி வியட்நாமிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

பிராண்டைப் பார்த்து ஊரை ஊகிக்காமல் லேபிளைப் படிப்பதே வழி. ஷூவின் நாக்கின் உட்புறம் சின்ன எழுத்தில் தயாரிப்பு நாடு இருக்கும். பெட்டியில் தயாரித்தவரின் பெயரோடு இந்திய முகவரி இருந்தால் உள்நாட்டுச் சரக்கு. ‘இறக்குமதி செய்தவர்’ என்று இருந்தால் பக்கத்திலேயே எந்த நாடு என்பதும் இருக்க வேண்டும். ஆன்லைனில் படங்களைத் தள்ளிவிட்டு, கீழே விவரப் பகுதியில் தயாரிப்பு நாட்டைத் தேடுங்கள். ஒரே மாடல், ஒரே நிறம், ஆனால் ஒரு சைஸ் இந்தியாவிலும் இன்னொரு சைஸ் வேறு நாட்டிலும் தைத்ததாக வருவதுண்டு. ஐஎஸ்ஐ முத்திரையை உள்நாட்டு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கான தரநிலை ஐஎஸ் 15844. வெளிநாட்டு ஆலைகளும் உரிமம் பெற்று அந்த முத்திரையைக் குத்தலாம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரியும். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்ற பெயரில் போலி விற்பவர் அந்த எண்ணைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவார். அவர் விற்பதிலும் உள்நாட்டில் தைத்தது உண்டு என்பது வேறு கதை!

சரி, எதற்கு எது? காலை நடைக்கும், பள்ளி பி.டி. வகுப்புக்கும், அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்ளவும் இந்தியக் கம்பெனி ஷூவே தாராளம். இந்த உபயோகத்துக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்பது லோகோவுக்குக் கொடுக்கும் காசு.

போலீஸ் தேர்வுக்காக 1,500 மீட்டர் ஓடிப் பழகும் பிள்ளைகள், ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறவர்கள் காலில் சேகா போன்ற மலிவான, எடை குறைந்த ஷூக்களை மைதானங்களில் பார்க்கலாம். குறைந்த தூரம், இளம் உடம்பு, மண் தரை. அதற்கு அது பொருந்துகிறது. அதே ஷூவோடு தார்ச்சாலையில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓடத் தொடங்கினால் முழங்கால் பேசும். ஓட்ட ஷூவின் உயிர் நடுச்சோல் நுரையில் இருக்கிறது. குறைந்த விலை ஷூக்களில் இந்த ஈவிஏ நுரை சீக்கிரம் அமுங்கி இறுகிவிடும். மேலே பார்க்கப் புதிதாகவே இருக்கும். உள்ளே நுரை செத்திருக்கும். நல்ல ஓட்ட ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. வாரத்துக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்கள், உடல் எடை அதிகமுள்ளவர்கள், அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோருக்கு என் யோசனை, இந்தியாவில் தைத்த வெளிநாட்டு பிராண்டின் ஓட்ட ஷூ. கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ வேண்டுமென்றால் பெரும்பாலும் இறக்குமதிதான். அங்கே தேசபக்தியைக் கொஞ்சம் தள்ளிவைக்கத்தான் வேண்டும்.

கால்பந்து, வாலிபால், பேட்மிண்டன் ஆடுகிறவர்களுக்கு நிலைமை மேல். பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் தொழிலாளர்கள் ஜலந்தரில் குடியேறிய பிறகு, அந்த ஊருக்கு இதில் நீண்ட பழக்கம். ஸ்டட் வைத்த கால்பந்து ஷூவும், தரையில் கோடு விழாத ரப்பர் சோல் வைத்த உள்ளரங்க ஷூவும் நிவியா, வெக்டர் எக்ஸ் பெயர்களில் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. எந்த பிராண்டாக இருந்தாலும், ஓட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு பேட்மிண்டன் கோர்ட்டில் இறங்க வேண்டாம். உயரமான சோல் பக்கவாட்டில் சாய்ந்து கணுக்காலைப் பிசகவைக்கும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறோம். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட நம் கால் முன்பக்கம் அகலம் என்பது அந்த ஆய்வின் முடிவு. இதை வைத்து ‘பா’ என்ற பெயரில் எட்டு அளவுகள் கொண்ட இந்திய முறையும் பரிந்துரைக்கப்பட்டது. கடையில் இன்னும் யூகே அளவுதான். ஒடுங்கிய ஷூவை வாங்கிவிட்டு, ‘போட்டுப் பழகினால் தளர்ந்துவிடும்’ என்ற விற்பனையாளரின் பேச்சை நம்ப வேண்டாம். இன்றைய செயற்கைத் துணி அவ்வளவாகத் தளராது. இந்தியக் கம்பெனிகளில் அரை அளவு அபூர்வம். முழு அளவில் இறுக்கம் என்றால், நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ் போன்றவற்றில் அகல வகை இருக்கிறதா என்று கேளுங்கள்.  

மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போய், விளையாடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பிறகு கையால் வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். குதிகாலின் பின்சுவரை அழுத்தினால் உடனே நசுங்கக் கூடாது. சோலும் மேல்பாகமும் சேரும் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பசை வழிந்திருந்தாலோ இடைவெளி தெரிந்தாலோ, நம் வெயிலில் அந்த இடம்தான் முதலில் வாய் பிளக்கும்.

விலையில் 2,500 ரூபாய் ஒரு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல், அந்த விலை வரையிலான ஜோடிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18. இந்தியக் கம்பெனிகளின் நல்ல மாடல்கள் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேயே இருக்கின்றன. கோட்டைச் சற்றே தாண்டிய விலையில் இருப்பதை வாங்கினால், கூடுதல் பணத்தில் பாதிக்கு மேல் வரிக்குப் போகலாம். தள்ளுபடிக் காலத்தில் அது கீழே இறங்குகிறதா என்று காத்திருப்பது லாபம். ஆனால் பாதி விலைத் தள்ளுபடி என்றால் பெட்டியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். பாலியூரித்தேன் எனும் பியூ சோல், ஷூவைப் போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் சிதைந்துகொண்டே இருக்கும். நாலைந்து வருஷம் கிடங்கில் இருந்தது, முதல் வாரத்திலேயே பொடிப்பொடியாக உதிரலாம். ஈவிஏ அப்படி உதிராது, ஆனால் பசை விடும். எந்த ஊரில் தைத்திருந்தாலும் மூன்று வருஷப் பழைய பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.