சூடோ போடாதே, தம்பி

கங்கைகொண்ட சோழபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

கல்வெட்டுப் பாடங்களில் எழுத்துகளை எண்ண ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் லைப்ரரியை பிப் கருவி வழியாக நிறுவப் போனபோது, இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி உபுண்டு மறுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். முன்னால் நிர்வாக உரிமை தரும் சூடோவும் பின்னால் ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்பதும் சேர்த்தால் வேலை முடிந்துவிடுகிறதே, அதில் என்ன தப்பு என்றும் கேட்டாய். இந்தக் குறுக்குவழியைத்தான் பலரும் மருந்துபோல எழுதிக் கொடுக்கிறார்கள். மாணவர்களுக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் வேறு வேண்டாம்.

பிப்பின் அடிப்படை உனக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் நீ பயன்படுத்தும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன என்பதை மட்டும் நினைவில் வை. சூடோ போட்டு பிப்பில் நிறுவும் லைப்ரரி வேறொரு அடைவில் போய் உட்கார்கிறது. ஆனால் பைத்தான் தேடும் வரிசையில் அந்த அடைவு முந்தி நிற்கிறது. அதனால் அதே பெயரில் உபுண்டுவின் தொகுப்பு நிறுவியான ஆப்ட் கொண்டுவந்த பழைய பதிப்பு மறைந்துபோய், அதை நம்பிய கருவி புதியதை எடுத்துக்கொண்டு தடுமாறும். நீ கேட்டது ஒரே ஒரு லைப்ரரியாக இருக்கலாம். அது சார்ந்திருப்பவற்றையும் பிப் கூடவே இழுத்து வரும். இதைத் தடுக்கத்தான் 2023-இல் உபுண்டு 23.04-உம் டெபியன் 12-உம் இந்த மறுப்பைக் கொண்டுவந்தன. நம் ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட நம் ஊர்க் கோயிலின் மதிலைப் பிரித்துக் கல் கொண்டுபோனார்கள். அணையால் பாசனம் பெருகியது உண்மைதான், ஆனால் போன மதில் திரும்பவில்லை. ஒன்றின் தேவைக்காக, நின்றுகொண்டிருக்கும் இன்னொன்றில் கைவைக்கலாமா என்பதே இரண்டு இடத்திலும் கேள்வி.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. நிரல் என்றால் நாம் எழுதிய வரிகள் மட்டுமே என்று நினைக்கிறோம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார். பழைய பைத்தான் 2-இல், யூடிஎஃப்-8 கோப்பில் சாதாரணச் சரமாக எழுதிக் கேட்டால், 15 என்று வரும்; அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3-இல் அதே வரிக்கு விடை 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒருங்குறி இடங்களை எண்ணுகிறது. ஓப்பன்-தமிழின் ‘கெட்_லெட்டர்ஸ்’ வழியாகப் பிரித்து எண்ணினால்தான் 3 வரும். தொல்காப்பியம் படித்தவன் ஏற்கும் விடை அது ஒன்றே. கேட்ட சொல் ஒன்றுதான். எந்தப் பதிப்பு, எந்த லைப்ரரி என்பதைப் பொறுத்து விடை மூன்று விதமாகிறது. ஒரு கல்வெட்டில் இத்தனை எழுத்து என்று நீ கட்டுரையில் எழுதினால், எந்தப் பதிப்பை வைத்து எண்ணினாய் என்பதும் அந்தக் கூற்றின் பகுதி. அதைச் சொல்லாத எண்ணிக்கையை ஆய்வு என்று நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல் வேண்டும். ஆப்ட் வழியாக ‘பைத்தான்3-வீஎன்வ்’ தொகுப்பை நிறுவிக்கொள். இதற்கு மட்டும் சூடோ சரி. வேலைக்கான அடைவுக்குள் ‘பைத்தான்3 -எம் வீஎன்வ் சூழல்’ என்று அடித்து, அதை ஆக்டிவேட் செய்து, அதனுள் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்’ என்று கொடு. வெறும் பிப் என்று அடித்தால் எந்தப் பைத்தானின் பிப் என்ற சந்தேகம் வரும். இப்படி அடித்தால் வராது. நிறுவும் பெயர் ஓப்பன்-தமிழ், நிரலில் இம்போர்ட் செய்யும் பெயர் ‘தமிழ்’ மட்டும். மாட்யூல் இல்லை என்று பிழை வந்தால், அந்தப் பெயரையே பிப்பிடம் கொடுத்துப் பார்க்காதே. பைத்தானின் பொதுக் கிடங்கில், வேறொருவர் எடுத்துக்கொள்ளாத பெயரில் யார் வேண்டுமானாலும் எதையாவது ஏற்றிவைக்கலாம். முடித்ததும் ‘பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்’ தரும் பட்டியலை ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ கோப்பில் சேமித்து, பைத்தானின் பதிப்பையும் பக்கத்தில் குறித்து வை.

வேலைக்கொரு சூழல் என்றால் டிஸ்க் இடமும் டேட்டாவும் வீணாகாதா என்பார்கள். இடம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால் ஒருமுறை இறக்கியதை பிப் தன் சேமிப்பில் வைத்துக்கொள்வதால், அதே பதிப்பு அடுத்த சூழலுக்குப் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். பதிப்பைப் பூட்டினால் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. பதிப்பைக் குறித்து வைப்பது அதிலேயே கிடக்கவேண்டும் என்பதற்காக அன்று. புதியதற்கு மாறு, விடைகள் மாறவில்லையா என்று சோதி, பட்டியலைத் திருத்து. எதிலிருந்து மாறினோம் என்று தெரிந்தவனால்தான் பிழை வந்தால் பின்வாங்க முடியும்.

இன்றே உன் பழைய நிரல் ஒன்றை எடு. புதுச் சூழல் ஒன்றில், பட்டியலை மட்டும் கொண்டு அதை ஓட்டிப் பார். ஓடவில்லையென்றால், உன் வேலை இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்