முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி

கோச்சடையில் மூட்டை சுமக்கும் என் தந்தையின் முதுகுவலிக்காகக் கைக்கு அடக்கமான தட்டுக்கருவி ஒன்று செய்தேன். மோட்டாரின் சுழற்சியைக் கிராங்க் முன்பின் இயக்கமாக மாற்றும். ரப்பர் முனை தசையைத் தட்டும். இது பழைய தத்துவமே. விசையைத் தணிக்கும் சுருள்வில் அமைப்பு மட்டுமே என் யோசனை.

அதைக் கல்லூரிக் கண்காட்சியில் பெருமையோடு விளக்கினேன். சட்டத்தைப் பின்னரே படித்தேன். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பிக்குமுன் பலரறிய வெளிப்பட்டது புதியதாகாது. கண்காட்சிகளில், மத்திய அரசு அரசிதழில் அறிவித்தவற்றுக்கே 12 மாதச் சலுகை உண்டு.

தோழர்களே! முதலில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யுங்கள். முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் அளிக்கலாம். காட்டுவது அதன் பின்னர்.

20 ஆண்டு உரிமை பெறும் வாய்ப்பை நான் இழந்தேன். கருவி மட்டும் இரவுதோறும் அப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறது.