குரோருட் பள்ளத்தாக்கின் எண்மிய இரட்டை



ஒஸ்லோவின் வடகிழக்கில், ஆல்னா ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் அமைந்த குரோருட், வளிமண்டலத்தைக் கணினிக்குள் கட்டியெழுப்ப முனைவோருக்கு எளிதில் பிடிகொடுக்காத இடமாகும். காற்றடங்கிய தெளிந்த பனிக்கால இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்க, குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து அடியில் தேங்குவதால், மேட்டிலுள்ள ரொம்சோஸைவிடத் தாழ்வான பகுதிகள் கூடுதலாகக் குளிர்வதுண்டு. உயரம் கூடக் கூட வெப்பம் குறையும் என்ற ஒழுங்கு இவ்வாறு புரள்வதே வெப்பத் தலைகீழ் மாற்றம் எனப்படுகிறது. மேலிருக்கும் வெம்மையான காற்று மூடிபோல் அமைந்துவிட, வாகனப் புகையும் விறகடுப்புப் புகையும் கீழேயே தங்கிவிடுகின்றன.

எண்மிய இரட்டை, அதாவது டிஜிட்டல் ட்வின், என்பது உண்மையான ஒன்றின் இயக்கத்தைக் கணினியில் நடத்திக் காட்டுவதோடு நில்லாமல், புதிய அளவீடுகள் வந்து சேரச் சேரத் தன்னைத் திருத்திக்கொண்டும், 'இப்படி நேர்ந்தால் என்னவாகும்' என்ற கேள்விக்கு விடை கணித்தும் தரும் அமைப்பாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டெஸ்டினேஷன் எர்த் திட்டம், காலநிலைக்கு ஒன்றும் தீவிர வானிலைக்கு ஒன்றுமாக இரண்டு இரட்டைகளை 2024 ஜூனில் பின்லாந்தின் கயானி நகரில், லூமி மீக்கணினி இயங்கும் இடத்திலேயே அறிமுகப்படுத்தியது. நோர்வே வானிலை ஆய்வு நிறுவனத்துக்கும் இம்முயற்சியில் பங்குண்டு.

வானிலை முன்னறிவிப்புக்கும் எண்மிய இரட்டைக்கும் அடித்தளம் ஒன்றே. இன்றைய காற்றின் நிலை தெரிந்தால் இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு நாளைய நிலையைக் கணிக்கலாம் என்று 1904இல் வாதிட்ட வில்ஹெல்ம் பியர்க்னெஸ் ஒஸ்லோவில் பிறந்தவர். 1950இல் எனியாக் கணினியில் நடந்த முதல் எண்முறைக் கணிப்பை வெளியிட்ட மூவருள் ஒருவரான ராக்னர் ஃபியோர்டோஃப்ட், பின்னர் நோர்வே நிறுவனத்தின் தலைவரானார். 24 மணி நேரக் கணிப்புக்கு அன்று ஏறத்தாழ அதே அளவு நேரம் பிடித்ததால், கணக்கு முடிந்தபோது கணிக்கப்பட்ட வானிலையும் வந்து சேர்ந்திருந்தது.

அந்தச் சிக்கல் வேறு உருவில் இன்றும் தொடர்கிறது. வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் நோர்டிக் நாடுகளின் கூட்டு மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் 2.5 கிலோமீட்டர்; ஓர் அமைப்பைச் சரிவரக் காட்ட ஆறேழு கட்டங்களாவது வேண்டும் என்பதால், சில கிலோமீட்டர் அகலமே உள்ள இப்பள்ளத்தாக்கு அதில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. கட்டத்தை 500 மீட்டராகக் குறைத்தால் கட்டங்களின் எண்ணிக்கை 25 மடங்காகிறது. காலப்படியையும் ஐந்திலொன்றாகச் சுருக்க வேண்டியிருப்பதால் கணக்கீடு 125 மடங்காகப் பெருகுகிறது. இவ்வளவு செலவிட்ட பின்னரும், சிறு சுழல்களில் பாதி சமன்பாட்டுக்குள் அகப்பட்டும் பாதி அகப்படாமலும் நிற்க, அவற்றுக்கான தோராயச் சூத்திரங்கள் தடுமாறுகின்றன. அசைவற்ற குளிரிரவுகளில் மாதிரிகள் காற்றை அளவுக்கு மீறிக் கலக்கி, உண்மையைவிட வெப்பமான இரவைக் காட்டுவது பழைய குறைபாடு.

இதனினும் கடினமானது அளவீட்டுப் பஞ்சம். கட்டத்தை நுணுக்கமாக்கலாம், ஆனால் அக்கட்டங்களில் நிரப்ப வேண்டிய உண்மை நிலை தெரியாதவிடத்து, திரையில் தோன்றும் நுணுக்கம் அழகான ஊகமாகவே நிற்கும். இதை உணர்ந்த நோர்வே வானிலை ஆய்வு நிறுவனம், மக்கள் தம் வீடுகளில் பொருத்தியுள்ள நெட்டாட்மோ சிறுநிலையங்களின் வெப்ப அளவுகளை 2018 முதல் தன் முன்னறிவிப்பில் பயன்படுத்துகிறது. வெயில்படும் சுவரிலோ சாளரத்தருகிலோ மாட்டிய கருவி பொய் சொல்லும். ஆகவே ஒவ்வோர் அளவும் அண்டை நிலையங்களோடு ஒப்பிடப்பட்டு, பொருந்தாதவை விலக்கப்படுகின்றன. இங்கே ஒரு நுண்மையான இடர் உண்டு: பள்ளத்தில் இருப்பதாலேயே அண்டையிலிருந்து உண்மையாக வேறுபடும் நிலையத்தையும் சல்லடை பிழையெனத் தள்ளிவிடக்கூடும் என்பதால், உயர வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றியும், இந்நிலையங்கள் நிலத்தருகே மட்டுமே அளக்கின்றன. மூடியின் உயரத்தை அவற்றால் கூற இயலாது.

மென்பொருளும் சேமிப்பும் தனிச் சுமைகள். பல்லாண்டுகளாக ஃபோர்ட்ரான் மொழியில் வளர்ந்த வானிலை நிரல்களை, லூமி போன்ற கணினிகளின் வரைகலைச் செயலிகளுக்கு ஏற்பத் திருத்தி எழுத வேண்டியுள்ளது; காலநிலை இரட்டை உமிழும் தரவு முழுவதையும் சேமிப்பது இயலாத காரியமாதலால், வெள்ளக் கணிப்பு, காற்றாலைத் திட்டமிடல் போன்ற பயன்பாடுகள் அத்தரவு பிறக்கும்போதே அதை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்படுகின்றன.

அண்மையில் நோர்வே நிறுவனம் உருவாக்கிய பிரிஸ் என்னும் மாதிரி, சமன்பாடுகளைத் தீர்க்காமல் பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு, மிகக் குறைந்த நேரத்தில் முன்னறிவிப்பைத் தருகிறது. நாளைய குளிரைச் சொல்ல அது போதுமானதாகலாம். 2070இன் குரோருட் இரவோ எந்தப் பதிவிலும் இல்லை. அதனைக் கேட்பவர் செலவுமிக்க இயற்பியல் மாதிரிகளையே இன்னும் நாட வேண்டியிருக்கிறது.