நூலில்லாப் பட்டம்

சங்கராந்தி நெருங்கும்போது ஐதராபாத்தின் மொட்டைமாடிகளில் கால்வைக்க இடம் இராது. தமிழ்நாட்டில் பொங்கற்பானையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும் அதே நாள்களில், இந்நகரத்துப் பிள்ளைகள் நூலுருண்டையும் கையுமாக வானத்தை நோக்கி நிற்பர். தெலுங்கில் அது ‘காலிபடம்’. சார்மினாரைச் சுற்றிய தெருக்களின் உருதுவில் ‘பதங்’. தமிழ் வீட்டிற்குள் நுழைந்தால் ‘பட்டம்’. சென்னையிலிருந்து வந்த குடும்பமாயின் ‘காற்றாடி’. பெயர் எதுவாயினும் ஒன்று உறுதி: நூல் ஒருவர் கையில் இருக்கும்வரை பட்டம் அவருடையதே. அது யார் பட்டம், யார் பேச்சைக் கேட்கும் என்னும் ஐயம் எவருக்கும் எழுவதில்லை.

நூலை எடுத்துவிட்டால் அந்த ஐயம் எழும். வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி விமானங்களின் கதை அங்கிருந்தே தொடங்குகிறது.

மாதிரி விமானம் விளையாட்டுப் பொருள் போலத் தோன்றினும், உண்மையான விமானத்திற்கு அதுவே மூத்தது. 1871ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் அல்போன்ஸ் பெனோ, முறுக்கிய இரப்பர் பட்டையால் இயங்கும் சிறு விமானம் ஒன்றைப் பாரிஸ் நகரப் பூங்காவில் பறக்கவிட்டார். அவர் வடிவமைத்த வகையைச் சேர்ந்த பறக்கும் பொம்மை ஒன்றை 1878இல் ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். அந்தப் பிள்ளைகளே ரைட் சகோதரர்கள்.

பட்டத்திற்கும் வானொலி விமானத்திற்கும் இடையில் மற்றொரு படிநிலை உண்டு. மெல்லிய இரண்டு எஃகுக் கம்பிகளின் ஒருமுனை விமானத்திலும் மறுமுனை இயக்குபவரின் கைப்பிடியிலும் இருக்கும். அவர் நடுவில் நின்று சுழல, விமானம் அவரைச் செக்குமாடு போலச் சுற்றிவரும். கைப்பிடியைச் சாய்த்தால் அது ஏறும் அல்லது இறங்கும், வேறெங்கும் போகாது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலையும் ஒரு பயிற்சியாகும். அப்பிரிவின் வாயு சைனிக் முகாமில் கம்பி விமானத்திற்கும் வானொலி விமானத்திற்கும் போட்டிகள் நடத்தப்படுகின்றன.

கம்பியையும் விலக்கியவர்களுள் முன்னோடிகள் அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர். 1937ஆம் ஆண்டு அவர்கள் ‘கஃப்’ என்று பெயரிட்ட விமானத்தை வானொலி அலையால் இயக்கிக் காட்டினர். தரையில் நிற்பவர் கையில் அலைபரப்பி, விமானத்திற்குள் அலையேற்பி. கோலைத் தள்ளினால் வானில் வால் அசையும். இடையில் காற்று மட்டுமே.

ஆனால், காற்று எல்லாருக்கும் பொதுவன்றோ? ஒரே திடலில் பத்துப் பேர் விமானத்தோடு வந்து நிற்கின்றனர். முற்காலத்துக் கருவிகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஓர் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். ஒருவருடைய விமானம் நூறு மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்போது, அதே அலைவரிசை கொண்ட இன்னொருவர் வண்டி நிறுத்துமிடத்தில் தம் கருவியைச் சோதிப்பதற்காக இயக்கினால் போதும். மேலே பறப்பது யார் சொல்லைக் கேட்பதென்று அறியாமல் தடுமாறி விழும். ஆறு மாத உழைப்பு அரை நொடியில் சுள்ளியாகும். கீழே ஆள் நின்றால் அதனினும் கொடிது. இதில் தீய எண்ணம் எவருக்கும் இல்லை என்பதுதான் வேதனை. இயக்கியவருக்குத் தாம் செய்தது இன்னதென்றே தெரியாது.

இதற்கு உலகெங்கும் மாதிரி விமானச் சங்கங்கள் கண்ட தீர்வு மிக எளியது. துணி உலர்த்தும் கவ்வியே அது. திடலின் ஓரத்தில் ஒரு பலகை. அதில் அலைவரிசை எண்கள் எழுதிய கவ்விகள். தம் எண்ணுள்ள கவ்வியை எடுத்துத் தம் கருவியில் மாட்டிக்கொண்டவர் மட்டுமே கருவியை இயக்கலாம். கவ்வி பலகையில் இல்லையெனில் காத்திருக்க வேண்டும். நுண்ணிய மின்னணுக் கருவிகளைக் காத்தது சில ரூபாய் பெறும் ஒரு கவ்வி!

கவ்வி தானாகக் காவல் நிற்காது. பலகையருகே ஒருவர் நிற்க வேண்டும். அன்றைய திடல் பொறுப்பாளர் அவர். சங்கத்தில் அவருக்கு ஊதியமில்லை. பெரும்பாலும் அவரும் விமானத்தோடு வந்தவரே. ஞாயிற்றுக்கிழமைக் காலையின் நல்ல காற்றில் தம் விமானத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, மற்றவர் பறப்பதைக் கண்காணிப்பார். ஓடுபாதைப் புல்லை வெட்ட ஆள் சேர்ப்பதும், மின்கலம் தீப்பற்றினால் அணைக்க மணல்வாளி வைப்பதும், வேடிக்கை பார்க்க ஓடிவரும் சிறுவர்களைக் கோட்டிற்குப் பின்னால் நிறுத்துவதும் அவர் பணி. சுழலும் விசிறி விரலைத் துண்டிக்க வல்லது. ஆதலால் அவர் கண்டிப்புக்குக் காரணமுண்டு. பொறுப்பிலிருப்பவர் கல்லூரி மாணவராகவும், பறக்க வந்தவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரியாகவும் இருக்கலாம். “இன்று காற்று சரியில்லை, வேண்டாம் ஐயா” என்று மாணவர் சொன்னால் அதிகாரி விமானத்தைக் கழற்றி வைப்பார். திடலின் எழுதாச் சட்டம் அது. சட்டத்தைவிட, அப்படிச் சொல்லும் துணிவுதான் அரிது.

இக்காலத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்துவிட்டன. ஒவ்வோர் அலையேற்பியும் தன் அலைபரப்பியின் அடையாளக் குறியீட்டை அறிந்து அதற்கு மட்டுமே கீழ்ப்படியும். கவ்விப் பலகைகள் பல திடல்களில் மறைந்துவிட்டன. பொறுப்பாளர் மறையவில்லை.

ஏனெனில், புதிதாகக் கற்பவரின் இடர் வேறுவகையானது. விமானம் விலகிச் செல்லும்போது வலக்கோல் விமானத்தை வலப்புறமே திருப்பும். அது திரும்பித் தம்மை நோக்கி வரும்போதோ எல்லாம் தலைகீழாகிவிடும். விமானத்தின் வலம் பார்ப்பவரின் இடமாகும். கற்பவர் பதறி எதிர்த்திசையில் கோலைத் தள்ளுவார். இறக்கை மேலும் சாயும், பதற்றமும் கூடும். அனுபவமுடையவர் அப்போது ஒரே ஒரு வழியைச் சொல்லித் தருவார்: விமானம் எதிரே வருகையில் எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே கோலைத் தள்ளு, விழப்போகும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல. இதனைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால், விரல் அதனை அறியப் பல வாரங்கள் ஆகும்.

அந்த வாரங்களில் விமானம் உடையாமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. பயிற்றுநரின் கருவியும் மாணவரின் கருவியும் இணைக்கப்பட்டிருக்கும். பயிற்றுநரின் கருவியில் ஒரு வில்விசை. அதனை அவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் மாணவர் கையில். விரலை எடுத்த கணமே அது பயிற்றுநரிடம் திரும்பிவிடும். அவர் கற்பிக்கும் நேரமெல்லாம், தம் விரலை அழுத்தி வைத்துத் தம் அதிகாரத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார். மிக விரைவில் விரலை எடுத்தால் மாணவர் எதையும் கற்கமாட்டார். ஒரு நொடி தாமதித்தால் விமானம் மண்ணில் கிடக்கும். எனவே தவறு செய்தாலும் மீட்க இடமுள்ள உயரத்திலேயே தொடக்கப் பாடங்கள் நடைபெறும். நல்ல பயிற்றுநர் யார் என்பதை அவர் பறக்கும் அழகிலிருந்து கணிக்க முடியாது. மாணவரின் விமானம் சாயும்போது அவர் விரல் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஐதராபாத்தில் இக்கலையைப் பயில விரும்புவோர்க்குத் தனியாக ஒரு கடினம் உண்டு. இது விமானங்களின் நகரம். பேகம்பேட்டையில் பழைய விமான நிலையம், சம்ஷாபாத்தில் 2008 முதல் இயங்கும் பன்னாட்டு விமான நிலையம், ஹக்கீம்பேட்டையில் விமானப்படைத் தளம், துண்டிகல்லில் விமானப்படைக் கல்விக்கழகம். விமானத்தைக் கண்டு ஆசைகொள்ள இதைவிட ஏற்ற ஊர் இல்லை. மாதிரி விமானத்தை நினைத்த இடத்தில் பறக்கவிட இதைவிடத் தடைமிகுந்த ஊரும் அரிது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் மாதிரி விமானத்தையும் வரையறுக்கின்றன: எடை 25 கிலோகிராமுக்கு மேற்படாமல், கல்விக்கோ ஆய்வுக்கோ பொழுதுபோக்குக்கோ பயன்பட்டு, கண்பார்வைக்கு எட்டும் தொலைவுக்குள் இயங்க வேண்டும். நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என வரைபடத்தில் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் 120 மீட்டர் உயரம்வரை முன்அனுமதி வேண்டா. சிவப்புப் பகுதியில் நடுவண் அரசின் அனுமதியின்றி எதுவும் பறக்கலாகாது. ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பார்த்து, நகருக்கு வெளியே இடம் தேடி, நிலத்தின் உரிமையாளரிடம் பேசி, அனைவருக்கும் செய்தி அனுப்புபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இதுவும் ஊதியமில்லாப் பணியே.

செகந்திராபாத்தில் பிறந்த ஒருவரைத் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். நடிகர் அஜித்குமார் வானொலி விமானங்களில் நெடுங்காலமாக ஈடுபாடு கொண்டவர். 2018ஆம் ஆண்டு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்ஷா’ மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகரானார். அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்ற வளாகம் அது. கலாம் பின்னர் ஐதராபாத்தின் ஏவுகணை ஆய்வகத்திற்கு இயக்குநராக வந்ததும் இவ்விரு ஊர்களுக்கும் உள்ள உறவே. அவ்வாண்டு தக்ஷா குழு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் கலந்துகொண்டது. தொலைவில் நோயுற்றிருப்பதாகக் கருதப்பட்ட ஒருவரிடமிருந்து இரத்த மாதிரியை எடுத்து வருதலே போட்டி. திரையில் தனியொருவராக வெல்பவர், இக்குழுவின் ஆலோசகராக மாணவர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார்.

பின்வரிசையில் நிற்றல் எத்தகையது என்பதை மேனார்ட் ஹில் என்னும் அமெரிக்க முதியவரின் கதை இன்னும் தெளிவாகக் காட்டும். அட்லாண்டிக் பெருங்கடலை மாதிரி விமானம் ஒன்றால் கடக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். பன்னாட்டு விதிப்படி எரிபொருளோடு சேர்த்து விமானத்தின் எடை 5 கிலோகிராமுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு அப்போது 77 வயது; கண்பார்வை பெரிதும் மங்கியிருந்தது; செவியும் சரியாகக் கேட்கவில்லை. பால்சா என்னும் எடையற்ற மரத்தை அவர் விரல்களால் தடவித் தடவியே விமானங்களைச் செய்தார். தாம் செய்ததைத் தாமே இயக்க அவரால் இயலாது. ஆகவே நண்பர்கள் கூடினர். ஒருவர் இயந்திரத்தையும், ஒருவர் தானியங்கிக் கருவியையும், இன்னும் சிலர் செயற்கைக்கோள் தகவலையும் கவனித்தனர். முதலில் அனுப்பிய விமானங்கள் மறுகரையை எட்டவில்லை.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் கனடாவின் கிழக்கு முனையாகிய கேப் ஸ்பியரிலிருந்து ‘டாம்-5’ புறப்பட்டது. ஒரு நண்பர் அதனை உயரத்திற்கு ஏற்றிவிட்டார்; பின்னர்த் தானியங்கிக் கருவி பொறுப்பேற்றது. இடையே தகவல் வருவது நின்றது. கடலில் விழுந்ததோ, பறக்கிறதோ, எவருக்கும் தெரியவில்லை. 38 மணி 52 நிமிடங்களுக்குப் பின், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் கடந்து, அது அயர்லாந்தின் மேற்குக் கரையில் தோன்றியது. கடற்கரையில் காத்திருந்த டேவ் பிரவுன் என்னும் நண்பர் அதனைத் தம் கருவியால் பிடித்து மெல்ல இறக்கினார். ஹில் அப்போது கடலுக்கு அப்பால், கனடாவிலேயே இருந்தார். விமானம் தரை தொட்ட செய்தி தொலைபேசி வழியாகத்தான் அவரை அடைந்தது.

சொல்லும் பொருளும்

அலைபரப்பி – வானொலி அலையை அனுப்பும் கருவி
அலையேற்பி – அவ்வலையைப் பெறும் கருவி
சுள்ளி – சிறு விறகுக் குச்சி
வில்விசை – அழுத்தினால் தாழ்ந்து, விட்டால் தானே மீளும் விசை
நடுவண் அரசு – மத்திய அரசு

இலக்கணம் அறிவோம்

‘நூலில்லாப் பட்டம்’ என்பதில் ‘இல்லாத’ என்னும் சொல்லின் ஈறாகிய ‘த’ கெட்டு ‘இல்லா’ என நின்றது. இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதனை அடுத்து வரும் வல்லினம் மிகும். ஓடாக் குதிரை, அழியாப் புகழ் என்பனவும் இவ்வகையே. பாடத்தில் இத்தகைய தொடர்கள் மேலும் உள்ளன, கண்டறிந்து எழுதுக.

வினாக்கள்

1. கவ்விப் பலகை எந்த விபத்தைத் தடுத்தது? நும் சொற்களில் விளக்குக.
2. பயிற்றுநர் விரலை மிக விரைவில் எடுத்தால் என்ன ஆகும்? தாமதித்தால் என்ன ஆகும்?
3. “இன்று வேண்டாம் ஐயா” என்று தம்மினும் மூத்தவரிடம் சொல்ல நேர்ந்த மாணவருக்கும் அம்மூத்தவருக்கும் இடையே நடந்த உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.
4. டாம்-5 யாருடைய விமானம்? காரணம் காட்டி விடையளிக்க.

செய்து பார்க்க

வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் சிறுவயதில் பட்டம் விட்ட ஊர், இடம், நூலுக்குப் பூசிய மாஞ்சா ஆகியவற்றைக் கேட்டறிக. அவர் பயன்படுத்திய சொற்களை அவ்வாறே குறித்து வருக. வகுப்பில் தெலுங்குச் சொற்களோடு ஒப்பிட்டுப் பேசுக.