சிரிஞ்சை அவர்கள் கையில் கொடு

அன்புள்ள தங்கைக்கு,

அம்பாங் கிளினிக்கில் நாய், பூனை எல்லாம் பழகிவிட்டன, பறவைக்கு மருந்து ஊட்டத்தான் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். நடுங்கட்டும். பயமே இல்லாமல் பறவையை இறுக்கிப் பிடிப்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. துண்டில் சுற்றி நெஞ்சை அழுத்தினால் நம் கையிலேயே மூச்சடைத்துப் போகும். தாடைக்குக் கீழே இரு பக்கமும் விரல் வைத்துத் தலையைப் பிடி. உடம்பைத் துண்டு தளர்வாகத் தாங்கட்டும். மல்லாத்தாதே. மூச்சுத்துளை நாக்கின் வேர்ப்பகுதியில், நடுவில் இருக்கிறது. நேரே பீய்ச்சினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். தீனிப்பை இருப்பது கழுத்தின் வலப்பக்கம். அதனால் ஊசி கழற்றிய சிரிஞ்சைப் பறவையின் இடது வாயோரத்தில் வைத்து, வலப்பக்கம் பார்த்துச் சொட்டுச் சொட்டாக விடு. விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. இருமினாலோ மூக்கில் மருந்து வந்தாலோ நிறுத்திவிடு.

பட்ஜி கிளி ஏறக்குறைய 35 கிராம்தான். அதற்கு 1 மில்லி கொடுப்பது 70 கிலோ ஆளுக்கு 2 லிட்டர் புகட்டுவது மாதிரி. எடை பார்க்காமல் டாக்டரிடம் அளவு கேட்காதே.

கடையில் விற்கும் மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்தால் போதாதா என்று வளர்ப்பவர்கள் கேட்பார்கள். நோயுற்ற பறவை தண்ணீரே சரியாகக் குடிக்காது. கசந்தால் தொடவும் தொடாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

நீ யோசிக்க வேண்டியது இனிதான். கிளிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 45 நாள். முதல் நாள் நீ கொடுப்பாய். மீதி 44 நாளும் பண்டான் இண்டா ஃபிளாட்டில் ஓர் ஆயாவோ, பள்ளிக்கூடப் பிள்ளையோ கொடுக்க வேண்டும். லேபிளில் இருக்கும் மலாயும் ஆங்கிலமும் அந்த ஆயாவுக்கு உதவாது. சிரிஞ்சில் மார்க்கரால் கோடு போட்டுக் கொடு. கூண்டைத் திறக்குமுன் சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தச் சொல். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்த யாருக்கும் மனம் வராது, அதனால் இரண்டு முறை சொல். கூண்டில் கணவாய் ஓடு தொங்கினால் எடுக்கச் சொல். அதன் சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. அந்தக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். எச்சத்தை உலரவிட்டுக் கூட்டாமல், முகக்கவசம் போட்டு, நனைத்துத் துடைக்க வேண்டும்.

வாய் பிளந்து, வாலை ஆட்டி ஆட்டி மூச்சுவிடும் பறவையை மருந்துக்காகப் பிடிக்கவே பிடிக்காதே. கதகதப்பாக, இருட்டாக வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடு.

அடுத்த முறை கிளி வந்தால் நீ ஊட்டிக் காட்டி அனுப்பிவிடாதே. சிரிஞ்சில் வெறும் தண்ணீரை எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடு. உன் கண்ணெதிரே ஒரு சொட்டு ஒழுங்காக ஊட்டிக் காட்டட்டும். அதற்கப்புறம் மருந்தைக் கொடு. வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தாலும் சரி.

அன்புடன்,
அக்கா