பாறையை உடைக்கும் தண்ணீர்

ஷேல் பாறைக்குள் சிறைப்பட்ட எரிவாயுவை எடுக்க, பல நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் ஆழம் வரை தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி விரிசல் உண்டாக்குகிறார்கள். விரிசல் மூடிக்கொள்ளாதிருக்க மணலும் கூடவே போகும். மணல் அடியில் தங்கிவிடாதபடி தண்ணீரைக் கெட்டிப்படுத்தப் பல கிணறுகளில் சேர்ப்பது, கொத்தவரை விதைப் பசை. அதற்கான விதை பெரும்பாலும் நம் ராஜஸ்தானில் விளைவதுதான்!

இதனால் நிலம் நடுங்குமா என்பது பெரிய வழக்கு. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2008-க்கு முன் 3 அளவுக்கு மேற்பட்ட நடுக்கம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு. 2015-இல் ஏறத்தாழ 900. 2016 செப்டம்பரில் பானீ நகரருகே 5.8. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பாறையை உடைத்த தண்ணீர் அல்ல. எண்ணெயோடும் வாயுவோடும் மேலே வந்த உப்புநீரைக் கழிக்க, வேறு ஆழ்கிணறுகளில் ஆண்டுக்கணக்கில் இறக்கினார்களே, அதுதான். மழைக்காலத்தில் ரயில்பாதை மண்கரை சரிவதைப் பார்த்த எங்களுக்கு இது புதிதல்ல. உள்ளே நீரழுத்தம் ஏறினால், பிடித்து நிறுத்தும் உராய்வு குறைந்துவிடும். பாறைப் பிளவிலும் அதே கதை. இறக்கும் அளவைக் குறைக்க உத்தரவிட்டபின் நடுக்கங்களும் குறைந்தன.

அதற்காகப் பாறையை உடைப்பது குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் பிளாக்பூல் அருகே 2011-இல் 2.3, 2019-இல் 2.9 அளவில் வந்த அதிர்வுகள் நேரடியாக அதனால் வந்தவையே. 2019 நவம்பரில் அங்கே அதை நிறுத்திவைத்தார்கள்.

குடிநீர் விஷயத்தில் எனக்குக் கவலை விரிசலைவிட, குழாயைச் சுற்றி ஊற்றும் சிமென்ட் உறையைப் பற்றித்தான். அது சரியாகப் பிடிக்காவிட்டால் மீத்தேன் மேலேறி நிலத்தடி நீரில் கலக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2016 இறுதி அறிக்கையும் உறுதியற்ற கிணறுகளை நீர் கெடும் வழிகளில் ஒன்றாகக் காட்டுகிறது.